பஞ்சு வெளுக்கும் வரை

பெரம்பலூர், துறைமங்கலம்
27 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மலர்கொடி எழுதுவது. நானும் என் முழங்காலும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டு நலமாக இருக்கிறோம். நீங்களும் சரத்குமாரும் மருமகளும் எப்படி இருக்கிறீர்கள்? கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்களா? சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுகிறீர்களா, இல்லை அது அலமாரியில் தூங்குகிறதா?

போனில் எவ்வளவு கத்தினாலும் உங்கள் காதில் விழாது. செல்லில் எழுதி அனுப்பினால் வெளிச்சம் பட்டுக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது என்கிறீர்கள். அதனால் பழையபடி தாளும் பேனாவும். எழுத்தைப் பெரிதாகவே போட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை அழகேசன் தன் மைக்செட் வண்டியிலேயே உங்கள் இசைத்தட்டுப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினான். உங்களிடம் தொழில் கற்றவன் இல்லையா, ஒரு பெட்டியைக்கூட இடிக்கவில்லை. சரத் பழைய ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டு முடிக்கிறவரை எல்லாம் என் மாடி அறையில் இருக்கும். எலி இல்லை, ஒழுகல் இல்லை, கவலைப்படாதீர்கள்.

ஆனால் அழுக்கைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. கல்யாண வீட்டு ஊதுபத்திக் கரி, கோயில் திருநீறு, சந்தனம், நடுவில் உங்கள் வேட்டி நுனியால் துடைத்த கோடு கோடான தடம். சிந்தாமணி அண்ணி இருந்த வரைக்கும் தட்டு தட்டாக இருந்தது. அவர்கள் போன பிறகு உங்கள் கையில் குப்பையாகிவிட்டது. நான் சும்மா விடப்போவதில்லை. சித்திரையில் செல்லியம்மனுக்குக் காப்புக் கட்டுவதற்குள் அத்தனையையும் கழுவிக் கொடுக்கிறேன்.

எப்படிக் கழுவுவது என்பதுதான் கேள்வி. வாரம் முழுக்க வீடியோ பார்த்தேன். இப்போது எல்லாரும் வினைல், வினைல் என்று அலைகிறார்கள், அதற்கென்று மெஷினே வந்துவிட்டது. ஒன்று, தட்டை நிற்கவைத்து இரண்டு பிரஷ்ஷுக்கு நடுவில் கையால் சுற்றுகிற தொட்டி. இன்னொன்று, மேலே தண்ணீர் விட்டுக் கீழே உறிஞ்சிக்கொள்கிற மெஷின், மாவு மில் போலச் சத்தம். மூன்றாவது, ஆஸ்பத்திரியில் கத்தரி, ஊசி கழுவுவோமே, அதிர்வு கொடுத்து அழுக்கை உதிர்க்கிற தொட்டி, அதே ஜாதி. ஒருத்தர் மரப்பசையை ஊற்றிக் காயவைத்துத் தோல் உரிக்கிற மாதிரி உரிக்கிறார், அழுக்கும் சேர்ந்து வந்துவிடுகிறது. இதெல்லாம் எதற்கு, ஸ்பிரிட்டும் பஞ்சும் போதாதா என்று என் நர்சு புத்தி சொல்கிறது. பிளாஸ்டிக் தட்டை ஸ்பிரிட்டில் துடைக்கிறவர்களும் வீடியோவில் இருக்கிறார்கள்.

நீங்கள் எது சொல்கிறீர்கள்? அண்ணி சேலைத் துணியில் சுற்றி வைத்த, காப்புக் கட்டன்று முதலில் போடுகிற அந்த அம்மன் தட்டையும் கழுவலாமா? இரண்டு வாரத்தில் பதில் போடுங்கள். போடாவிட்டால் நானே முடிவு செய்துவிடுவேன், அப்புறம் குற்றம் சொல்லக்கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை
மலர்கொடி

---

செல்லியம்மன் துணை

கங்கைகொண்ட சோழபுரம்
3 பிப்ரவரி 2025

மலர்கொடிக்கு,

கொளஞ்சியப்பன். இங்கு எல்லாரும் இருக்கிறோம். கண்ணுக்கு இன்னும் நாள் சொல்லவில்லை. உன் முழங்காலுக்கு எண்ணெய் தடவு.

குப்பை என்று எழுதியிருக்கிறாய். படித்தேன்.

கேட்டதற்குப் பதில். தட்டு ரெண்டு ஜாதி. வளைத்தால் லேசாக வளையும், எடை குறைவு, அது பிளாஸ்டிக். நீ சொல்கிற வினைல். இன்னொன்று கனமாக இருக்கும், கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையும். அது அரக்கு. அரக்குத் தட்டு நம்மிடம் இருப்பது கொஞ்சம்தான். அம்மன் தட்டு அரக்கு.

மெஷின் ஒன்றும் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் வாங்கு. அதில் உப்பு கிடையாது, காய்ந்தால் கறை வராது. ஒரு சொட்டு ஷாம்பு. மெத்தென்ற துணி. பள்ளம் போகிற வாக்கில் வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே இழுக்கக்கூடாது. நடுவில் ஒட்டின பேப்பர் நனையக்கூடாது. நிழலில் நிற்கவைத்துக் காயவை. கல்யாணத்துக்குக் கல்யாணம் நான் அப்படித்தான் செய்தேன். வேட்டி நுனி அவசரத்துக்கு மட்டும்.

அரக்குத் தட்டில் ஸ்பிரிட் ஒரு துளி படக்கூடாது. கரைந்துவிடும். அம்மன் தட்டைத் தொடவே தொடாதே. அது இருக்கிறபடி இருக்கட்டும்.

அண்ணன்
கொளஞ்சியப்பன்

---

(எழுதிய பிறகு அனுப்பாமல் மடித்து வைத்தது)

பெரம்பலூர்
20 பிப்ரவரி 2025

அண்ணே,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. உங்கள் கடிதம் இன்று மத்தியானம்தான் வந்தது. நீங்கள் மூன்றாம் தேதி எழுதியிருக்கிறீர்கள். நான் முந்தாநாள், பதினெட்டாம் தேதி, பாவத்தைச் செய்துவிட்டேன்.

இரண்டு வாரம் தாண்டியும் பதில் இல்லை. உங்களுக்குக் கண் சரியில்லை, எழுத முடியவில்லை போல என்று நானே நினைத்துக்கொண்டேன். முதலில் பிளாஸ்டிக் தட்டு ஒன்றை எடுத்து ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். புதுச் செருப்பு மாதிரி பளபளத்தது. எனக்கு ஒரே பெருமை. இன்னும் சிலதைத் துடைத்தேன். பிறகு அம்மன் தட்டை எடுத்தேன்.

பஞ்சு கறுப்பாக வந்தது. எவ்வளவு அழுக்கு பார், என்று உங்களைத்தான் திட்டினேன். புதுப் பஞ்சு எடுத்தேன். அதுவும் கறுப்பு. முதல்முதலில் டியூட்டியில் சேர்ந்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்தது, புண்ணைத் துடைத்தால் பஞ்சு வெளுக்கும் வரை துடைக்க வேண்டும் என்று. வேலை பார்த்த காலம் முழுக்க அதைத்தான் செய்தேன். இங்கே பஞ்சு வெளுக்கவே இல்லை. நானும் விடவில்லை. கடைசியில் விரல் ஒட்டுகிற மாதிரி இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் பள்ளமெல்லாம் மழுங்கிக் கிடக்கிறது. நான் எடுத்தது அழுக்கு இல்லை அண்ணே, பாட்டையே எடுத்துவிட்டேன்.

மாடியில் உங்கள் பழைய பாட்டுப் பெட்டியில் போட்டுப் பார்த்தேன். முள் ஓடுகிறது, பாட்டு வரவில்லை. சீறல் மட்டும்.

இதை உங்களுக்கு எப்படி

---

பெரம்பலூர்
22 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மலர்கொடி வணக்கம். இங்கே நலம். நீங்கள் சொன்னபடி முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறேன், கொஞ்சம் தேவலை. உங்கள் கண் எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்றாம் தேதி எழுதினது இருபதாம் தேதி வந்து சேர்கிறது. நடுவில் தபால்காரர் கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார் போலிருக்கிறது. பரவாயில்லை.

பேட்டரித் தண்ணீர் வாங்கிவிட்டேன். மெஷின் யோசனையை விட்டுவிட்டேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைக்கிறேன். அம்மன் தட்டைத் தொடவில்லை. அண்ணி சேலையிலேயே இருக்கிறது.

சும்மா கேட்கிறேன், அந்தத் தட்டு எங்கே வாங்கினது? அதே மாதிரி இன்னொன்று யாரிடமாவது இருக்குமா?

போன கடிதத்தில் நான் எழுதினதில் ஏதாவது மனசு சங்கடப்பட்டிருந்தால் மன்னித்துவிடுங்கள். எனக்கு வாய் நீளம், உங்களுக்குத் தெரியாததா?

உங்கள் தங்கை
மலர்கொடி

---

செல்லியம்மன் துணை

கங்கைகொண்ட சோழபுரம்
1 மார்ச் 2025

அன்பு மலருக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று. சரத்தும் நானும் மாறி மாறித் தண்ணீர் ஊற்றுகிறோம். முந்திரி நன்றாகப் பூத்திருக்கிறது, பனி விழாமல் இருந்தால் காய்ப்பு உண்டு. கண் ஆபரேஷன் ஆனி மாதம் என்று சொல்லிவிட்டார்கள். உன் காலை மாடிப்படியில் பார்த்து வை.

மன்னிப்பெல்லாம் எதற்கு? அதை விடு. உன் மேல் எனக்கு என்ன கோபம்?

அம்மன் தட்டைப் பற்றிக் கேட்டாயே, சொல்கிறேன். அது நான் கடையில் வாங்கினதில்லை. ஒரு மைக்செட்காரர் தொழிலை விட்டபோது எல்லாத்தையும் சேர்த்து வாங்கினதில் அடியில் கிடந்தது. பாடினவர் பேர் உரிந்துபோயிருந்தது. அந்த வருஷம் காப்புக் கட்டுகிற அன்று வேறு தட்டு எதுவும் சரியாக ஓடவில்லை, அதைப் போட்டேன். அன்று ராத்திரியே மழை. போதாதா நம்ம ஊருக்கு? அடுத்த வருஷம் அதுதான் வேண்டும் என்றார்கள். அப்புறம் அது சட்டமாகிவிட்டது. இன்னொரு தட்டுக்கு எங்கெங்கோ கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அதில் ஒரு கீறல் உண்டு, உனக்குத் தெரியாது. நீ பெரம்பலூருக்கு வாழப்போன பிறகு வந்த தட்டு. மூன்றாவது அடி முடிந்ததும் முள் ஒரே இடத்தில் சுற்றும். நான் சுண்டு விரலால் லேசாகத் தூக்கி ஒரு வரி தள்ளி வைப்பேன். அந்த ஒரு வரி ஊரில் யாருக்குமே தெரியாது. பொம்பளைகள் கும்மி பழகினதே அந்த வரி இல்லாமல்தான். நான் விரலை வைக்கிற நேரம் ஒரு சுற்று திரும்புவார்கள், வைத்ததும் அடுத்த வரிக்குக் கை தட்டுவார்கள். இன்று வரை தப்பினதில்லை.

இப்போது காது போய்விட்டது. குழாய் ஸ்பீக்கருக்குக் கீழேயே நின்ற பலன். ஆனாலும் அந்த முதல் தட்டை நான்தான் வைக்க வேண்டும் என்று ஊர் சொல்கிறது. முள்ளை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன். பாட்டு வந்துவிட்டது என்று எனக்குத் தெரிய எல்லாரும் கையைத் தூக்கிக் காட்டுவார்கள், கோயில் வாசல் முழுக்கக் கையாக இருக்கும். அதற்குப் பிறகு அழகேசன் பென்டிரைவைச் செருகிக்கொள்வான், நான் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். மற்ற நாளில் என்னிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை மலரு. கத்திக் கத்திப் பேச யாருக்குப் பொறுமை? வருஷத்துக்கு ஒரு நாள் நான் மனுஷன். அந்தத் தட்டு இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

உன்னிடம் இருப்பதால் பயமில்லை. சித்திரை இருபத்துமூன்றாம் தேதி காப்புக் கட்டு, செவ்வாய்க்கிழமை. நீ முதல் நாளே வந்துவிடு.

அண்ணன்
கொளஞ்சி

---

(பார்சலுக்குள் வைத்த சீட்டு)

பெரம்பலூர்
28 மார்ச் 2025

தம்பி அழகேசனுக்கு,

வீட்டில் எல்லாரும் சௌக்கியமா? போனில் பேசினபடி அம்மன் தட்டை அனுப்பியிருக்கிறேன். அண்ணன் கையில் கொடுத்துவிடாதே. சேலையோடு உன் கடையிலேயே வைத்துக்கொண்டு, அன்றைக்கு நேரே கோயிலுக்குக் கொண்டுபோ. வெளுத்துப்போன இடம் தெரியாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறேன். இதை எழுத எனக்கே கூசுகிறது.

பாட்டை இணையத்தில் ஒருத்தர் போட்டிருந்தார். காப்புக் கட்டுக்கு வந்தபோதெல்லாம் நான் கேட்ட அதே குரல், அதே பாட்டு. உன் செல்லுக்கு அனுப்பியிருக்கிறேன். பென்டிரைவில் ஏற்றிக்கொள். தட்டு ஓடுகிற பெட்டியிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரைக் கழற்றிவிடு. அண்ணன் முள்ளை வைத்ததும் நீ இதைப் போடு.

"அண்ணனுக்குத்தான் கேக்காதேக்கா, ஒண்ணும் ஆவாது" என்று போனில் நீ சாதாரணமாகச் சொல்லிவிட்டாய். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. காது கேட்கிற மனுஷனாக இருந்தால் நாம் இதைச் செய்வோமா? ஆனால் இதை விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவருக்கு இருக்கிறது அந்த ஒரு நாள்தான்.

யாரிடமும் சொல்லாதே.

மலர்கொடி அக்கா

---

பெரம்பலூர்
16 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மலர்கொடி வணக்கம். எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து. மாங்காய்ப் பச்சடி வைத்தீர்களா? இங்கே நான் ஒருத்திக்கு என்னத்தை வைக்க என்று விட்டுவிட்டேன்.

அம்மன் தட்டை அழகேசனிடம் சேர்த்துவிட்டேன். மற்றதெல்லாம் துடைத்துக் காயவைத்துப் புது உறை போட்டாயிற்று. சொன்னபடி வட்டமாகத்தான் துடைத்தேன்.

காப்புக் கட்டுக்கு என்னால் வர முடியாது போலிருக்கிறது. முழங்கால் வீங்கியிருக்கிறது, பஸ் மாறி மாறி வர முடியாது. தப்பாக நினைக்காதீர்கள். இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை
மலர்கொடி

---

செல்லியம்மன் துணை

கங்கைகொண்ட சோழபுரம்
17 மே 2025

மலருக்கு,

அண்ணன் எழுதுகிறேன். திருவிழா முடிந்து நேற்றுத்தான் காப்பு அவிழ்த்தார்கள். கையில் காப்போடு யாரையும் கோபித்து எழுதக்கூடாது என்று இத்தனை நாள் பொறுத்தேன். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? வீங்கினது உண்மையா என்று கேட்டுத் தொடங்கியிருந்தேன், அடித்துவிட்டேன், மேலே பார்.

காப்புக் கட்டி முடித்ததும் தட்டை எடுத்துக் கொடுத்தான் அழகேசன். என் முகத்தைப் பார்க்கவில்லை. முள்ளை வைத்து நிமிர்ந்தேன். எல்லாரும் கை தூக்கினார்கள். கும்பிட்டுக்கொண்டேன். பொம்பளைகள் கும்மியைத் தொடங்கினார்கள்.

மூன்றாவது அடி. கையும் காலும் பார்த்தே எனக்கு இடம் தெரியும். சுண்டு விரலைக் கொண்டுபோய் முள்ளைத் தூக்கினேன். தூக்கினவன் தும்மல் வந்து அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். முள் தட்டில் இல்லை மலரு, என் விரலில் இருக்கிறது. பாட்டு நின்றிருக்க வேண்டும், கும்மியும் நின்றிருக்க வேண்டும். ஆனால் கும்மிக்கு முன்னால் நிற்கிற புவனேஸ்வரி அடுத்த வரிக்குக் கை தட்டிவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் தட்டவில்லை. ஒருத்தி திரும்புகிறாள், ஒருத்தி நிற்கிறாள், நாலு பேர் மோதிக்கொண்டார்கள். எல்லாரும் குழாய் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார்கள். தெரியாத ஆள் வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொருத்தராக என் விரலைப் பார்த்தார்கள்.

அந்த ஒரு வரி வந்திருக்கிறது. யாரும் கேட்காத வரி. பாட்டு தட்டிலிருந்து வரவில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

முள்ளைத் திரும்ப வைத்தேன். பாட்டு முடிந்தது என்று அழகேசன் தலையாட்டும்வரை பெட்டிப் பக்கத்திலேயே நின்றேன். வீட்டுக்கு வந்து நகத்தால் தட்டைத் தடவிப் பார்த்தேன். பள்ளமே இல்லை, வழவழ என்று இருக்கிறது, தேங்காய் எண்ணெய் வாசனை. ஸ்பிரிட்டில்தான் போயிருக்கும். உன் புத்தி எனக்குத் தெரியும்.

கோபம் வந்தது. தட்டு போனதற்குக்கூட இல்லை. ஊரே கூடி நின்று செவிடனுக்குக் கை தூக்கிக் காட்டியிருக்கிறதே என்று வந்தது. அழகேசனைக் கூப்பிட்டு உலுக்கினேன். ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது, எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று தாளில் எழுதிக் காட்டினான். அழுதான், விட்டுவிட்டேன். நீ வராமல் இருந்துவிட்டாய். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

இது வரைக்கும் உன் தப்பு. இனிமேல் எழுதப்போவது என் தப்பு.

தபால்காரர் கல்யாணத்துக்குப் போகவில்லை. உன் முதல் கடிதத்துக்கு நான் அன்றே உட்கார்ந்து பதில் எழுதிவிட்டேன். எழுதி ரேடியோவுக்குக் கீழே வைத்தேன். சிந்தாமணி போன பிறகு குப்பையாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். அவள் போன பிறகு அந்தத் தட்டுகளை எடுத்துத் துடைக்க எனக்குக் கை வரவில்லை. அதை உன்னிடம் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நாள் காத்துக் கிடக்கட்டும், என்னைக் கேட்காமல் இவளால் என்ன செய்ய முடியும் என்று வீம்பு. சரத் இரண்டு முறை கேட்டான், தபாலில் போடட்டுமா என்று. வேண்டாம் என்றேன். ஸ்பிரிட் என்று நீ எழுதியிருந்தது என் கண் முன்னாலேயே இருந்தது. தெரிந்தே வைத்திருந்தேன். பதினெட்டாம் தேதி ஜெயங்கொண்டம் போனபோதுதான் போட்டேன். நீ மன்னிப்புக் கேட்டு எழுதினபோதாவது சொல்லியிருக்கலாம். அப்போதும் சொல்லவில்லை. பாவம், தபால்காரர் தலையில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தத் தட்டைக் கரைத்தது உன் பஞ்சு மட்டும் இல்லை.

ஒன்று கேட்கிறேன். அந்தத் தட்டை இத்தனை வருஷம் ஓட்டினேன், அந்த வரியை ஒரு நாளும் நான் கேட்டதில்லை. காது இருந்தபோது விரலால் தள்ளிவிட்டேன். இப்போது எல்லாரும் கேட்டார்கள், நான் கேட்கவில்லை. புவனேஸ்வரியைக் கேட்டால் பதற்றத்தில் ஞாபகமில்லை என்கிறாள். அழகேசன் பயத்தில் கேட்கவே இல்லையாம். உன்னிடம் பாட்டு இருக்கிறதே. அந்த வரி என்னவென்று எழுது.

அண்ணன்
கொளஞ்சியப்பன்

---

பெரம்பலூர்
27 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? கண் ஆபரேஷனுக்கு முன்னால் சர்க்கரை பார்ப்பார்கள், இனிப்பைக் குறையுங்கள்.

முழங்கால் வீங்கவில்லை. பொய். உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் வரவில்லை. இந்தக் கடிதத்தைப் பலமுறை தொடங்கிவிட்டேன். பிப்ரவரியில் எழுதி அனுப்பாமல் வைத்த ஒன்றும் இருக்கிறது, அதையும் இதோடு வைத்திருக்கிறேன். என்ன நடந்தது என்று அதில் இருக்கிறது. நீங்கள் தபாலில் போட்ட அன்றுதான் நான் பஞ்சை எடுத்தேன். இரண்டு நாள் முந்தியிருந்தால் என்று யோசித்து யோசித்து அலுத்துவிட்டேன். ஆனால் உங்கள் கடிதம் தாமதமாக வந்ததுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியவில்லை. தொடக்கூடாது என்று நீங்கள் அதற்குள் சொல்லவில்லை, சரி. தொடு என்றும் சொல்லவில்லையே. பஞ்சு கறுத்தபோது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு செய்ததற்குத் தபால் என்ன செய்யும்? கேட்காத காதை வைத்து உங்களை ஏமாற்றினது நான்தான். அண்ணியைப் பற்றி எழுதினதும் நான்தான். எழுதும்போது உங்களுக்கு எங்கே வலிக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்திருக்கலாம்.

பாட்டில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போனது எப்படி, தெரியுமா? நான் முழுசாகக் கேட்கவில்லை. முதல் அடி வந்ததும் அணைத்துவிட்டேன், குற்றம் செய்தவளுக்குக் கேட்கத் தைரியம் இல்லை. மூன்றாவது அடிக்குப் பிறகு முள் சுற்றும் என்று நீங்கள் எழுதினது மனசிலேயே தங்கவில்லை, அந்தக் கடிதத்தில் நான் படித்தது "உன்னிடம் இருப்பதால் பயமில்லை" என்பதை மட்டும்தான்.

நேற்று உட்கார்ந்து கடைசி வரை கேட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை அண்ணே. சூலம், சிங்கம் என்று எதுவும் வரவில்லை. கோயிலுக்கு நடந்து வந்த ஒருத்தி அம்மனிடம் கேட்கிற மாதிரி வருகிறது. அந்த வரி இதுதான்:

"வழியெல்லாம் கடந்து வாசலிலே நிற்கிறேன், வா என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆகாதோ."

அவ்வளவுதான். இதற்குத்தான் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

மற்ற தட்டுகள் எல்லாம் தயாராக இருக்கின்றன. எந்த மெஷினும் இல்லை, பேட்டரித் தண்ணீர்தான். ஸ்பிரிட் பாட்டிலை எதிர் வீட்டு ஜெயசித்ராவிடம் கொடுத்துவிட்டேன், இங்கே இருந்தால் கை சும்மா இருக்காது. அழகேசன் வண்டியைக் கேட்டுத் தட்டுகளை ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை அனுப்பலாம் என்று இருக்கிறேன். கூட நானும் வரலாமா என்று எழுதுங்கள். வேண்டாம் என்றால் தட்டுகள் மட்டும் வரும், நான் வருத்தப்பட மாட்டேன்.

உங்கள் தங்கை
மலர்கொடி

---

(அஞ்சலட்டை)

கங்கைகொண்ட சோழபுரம்
30 மே 2025

மலரு,

வா.

இந்தக் கார்டை எழுதின கையோடு நானே நடந்து போய்ப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

கொளஞ்சி